பத்தாவது முடித்த பையன், கட்டட வேலை: பள்ளியில் தொழிற்கல்வியா, ஐ.டி.ஐ-யா, நேராக மேஸ்திரியிடமா?

மே 11, 2024. கேள்வி, தாம்பரம் வாசகர்

நேற்று வந்த பத்தாம் வகுப்பு முடிவில் மகன் 287 மதிப்பெண் எடுத்திருக்கிறான். படிப்பு சுமார், கைவேலை என்றால் உயிர். வீட்டில் குழாய், கதவுத் தாழ்ப்பாள், மிக்ஸி எல்லாம் அவன் பொறுப்பு. தலைமையாசிரியர் பிளஸ் ஒன்னில் தொழிற்கல்விப் பிரிவில் கட்டடப் பாடம் எடுக்கச் சொல்கிறார். என் மைத்துனர் மேஸ்திரி. "இரண்டு வருடத்தை எதற்கு வீணாக்குகிறீர்கள் மாமா, என்னோடு அனுப்புங்கள், தினம் 500 ரூபாய் கையில்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஐ.டி.ஐ என்கிறார். பள்ளிக்கூடம் வழியாகப் போய் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள முடியுமா? இல்லை, அது மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை உட்காரவைக்கும் கடைசி பெஞ்சா?

மே 11, இரவு 10.40. பதில்

கடைசி பெஞ்சுதான். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வடசென்னையில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் 1994 முதல் 96 வரை தொழிற்கல்விப் பிரிவு, கட்டடப் பாடம். உயிரியல் வகுப்பு எங்களுக்கு மேல்மாடி. எங்கள் செய்முறை அறை சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால். பிரிவில் 22 பேர். இப்போது அதில் 9 பேராவது ஏதோ ஒரு விதத்தில் கட்டடம் கட்டிச் சாப்பிடுகிறோம் என்று கணக்குப் போட்டேன். மேல்மாடிப் பிரிவில் எத்தனை பேர் மருத்துவரானார்கள் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

பையனை மைத்துனரோடு அனுப்பாதீர்கள். 18 வயதுக்கு முன்னால் அப்ரண்டிஸாகவும், அதாவது வேலையிடத்தில் பயிற்சி பெறும் தொழிற்பழகுநராகவும், சேர முடியாது. பிளஸ் டூ முடிக்கட்டும், பிறகு ஒரு வருடம் அப்ரண்டிஸ். மற்றதை நாளை எழுதுகிறேன்.

மே 12

நேற்று எழுதியதில் இரண்டு தவறு. ஒன்றை வாசகர் ஒருவர் பிடித்துவிட்டார், மற்றொன்றை நானே பிடித்தேன்.

முதலாவது, வயது. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில் குறைந்தபட்ச வயது 14. ஆபத்தானவை என்று வகைப்படுத்திய தொழில்களுக்குத்தான் 18. நான் குழப்பிக்கொண்டது நல வாரிய அட்டையோடு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யத்தான் 18 முடிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, "உயர்நிலைப்பள்ளி" என்று எழுதிவிட்டேன். பிளஸ் டூ இருந்தால் மேல்நிலைப்பள்ளி. படித்த பள்ளியின் பெயர்ப்பலகையையே தப்பாக எழுதுகிறவனிடம் ஆலோசனை கேட்கிறீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

மே 14

பள்ளிப் பாடத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978-இல் வந்தபோதே தொழிற்கல்வியும் வந்தது. எங்கள் ஆசிரியர் அந்தத் தலைமுறை ஆள். முதல் மாதம் முழுக்கச் சிமெண்ட்டைக் கண்ணில் காட்டவில்லை. ஒரு கயிறு, மூன்று முளைக்குச்சி. 3 அடி, 4 அடி, 5 அடி என்று முக்கோணம் போட்டுச் செங்கோணமாக மூலை எடு என்றார். மைதானத்து மண்ணில் 22 பேரும் நாள் முழுக்க மூலை எடுத்தோம். ஐந்தடிப் பக்கம் இரண்டு அங்குலம் மிஞ்சினால் அவர் திட்டமாட்டார். அந்த மூலையில் கட்டிலும் பீரோவும் போட்டுப் படம் வரையச் சொல்வார். பீரோ சுவரில் ஒட்டாமல் கோணிக்கொண்டு நிற்பதை நாமே வரைய வேண்டும்.

செங்கல்லை ஏன் நனைக்க வேண்டும், ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு ஆறு கலவை (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) என்றால் நாலரை அங்குலச் சுவருக்கு ஏன் ஒன்றுக்கு நாலு, இதெல்லாம் அங்கே கிடைத்தது. உலர்ந்த செங்கல் சாந்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சிமெண்ட் இறுகத் தண்ணீர் இருக்காது. இதைத் தெரியாமல் முப்பது வருடம் அழகாகச் சுவர் கட்டிய கொத்தனார்களையும் பார்த்திருக்கிறேன். நனைப்பார்கள், ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார்கள்.

கிடைக்காதது வேகம். செய்முறைத் தேர்வில் நான் இரண்டு மணி நேரத்தில் நாலு வரிசை செங்கல் கட்டினேன், வரி என்போம். அந்த நேரத்தில் உங்கள் மைத்துனர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருப்பார்.

மே 14, பின்குறிப்பு

எல்லாப் பள்ளியிலும் கட்டடப் பிரிவு கிடையாது. பெயரளவில் பிரிவு இருந்து, ஆசிரியர் ஓய்வுபெற்ற பின் அந்த இடம் நிரப்பப்படாத பள்ளிகளும் உண்டு. சேர்க்கைக்குப் போகும்போது செய்முறை அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கரணைகளில், அதாவது கொத்தனாரின் சாந்துக் கரண்டிகளில், காய்ந்த சாந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பளபளவென்று இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மே 19

"புத்தகம் படித்தவன் வேலையிடத்தில் தேறமாட்டான்" என்று ஒரு பொறியாளர் எழுதியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன்.

அப்ரண்டிஸாகச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி "தம்பி, நாலு நூல் கம்பி பத்து எடுத்து வா" என்றார். நான் நூல் உருண்டையைத் தேடினேன். புத்தகத்தில் எல்லாம் மில்லிமீட்டர். வேலையிடத்தில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். 12 மில்லிமீட்டர் கம்பி நாலு நூல், 10 என்றால் மூன்று நூல், 8 இரண்டரை நூல். அன்று மாலை வரை என் பெயர் "நூல்காரன்".

ஆனால் மூன்றாம் வாரம் லாரியில் கம்பி இறங்கியது. எடைச் சீட்டில் ஏதோ இடித்தது. மில்லிமீட்டரில் கம்பியின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12-க்கு 0.89. முழுக்கம்பி 12 மீட்டர், ஆக சுமார் 10.7 கிலோ. கம்பிகளை எண்ணிப் பெருக்கினால் சீட்டில் இருந்ததைவிட 90 கிலோ குறைந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார், லாரிக்காரரைப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் நூல்காரன் என்று கூப்பிடவில்லை.

(அடிக்கணக்கில் வேண்டுமென்றால் 162-க்குப் பதில் 533 என்று ஒருவர் குறிப்பு போட்டிருக்கிறார். சரிதான். சென்னையில் அதுதான் கைகொடுக்கும், கம்பியை எல்லாரும் நாற்பதடி என்றுதான் சொல்கிறார்கள்.)

ஜூன் 2

அப்ரண்டிஸ் என்றால் என்ன என்பதில் இங்கே பெரிய குழப்பம் ஓடுகிறது. மைத்துனரோடு போவதும் அப்ரண்டிஸ்தானே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அது சித்தாள் வேலை. கேவலமான வேலை என்று சொல்லவில்லை, என் அம்மா அதைத்தான் செய்தாள். ஆனால் அதன் பெயர் வேறு.

அப்ரண்டிஸுக்கு ஒப்பந்தம் உண்டு, அது பதிவாக வேண்டும். 18 வயதுக்குள் இருந்தால் தந்தையோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும், அதாவது நீங்கள். சட்டப்படி அவன் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவன். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அனுமதி இல்லாமல் கூடுதல் நேரம் வேலை வாங்கக்கூடாது. பயிற்சியில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். மறுபக்கம், பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. இதைப் படிக்காமல் கையெழுத்திட்டு, ஒரு வருடம் கழித்துக் கம்பெனி வாசலில் நின்று அழுத வீடுகளை அறிவேன்.

பாதை இரண்டு. பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவன் "டெக்னீஷியன் வொகேஷனல்" அப்ரண்டிஸ், ஒரு வருடம். 1986-இல் சட்டத்தைத் திருத்தி எங்களைப் போன்றவர்களைச் சேர்த்தார்கள். இதைப் பார்ப்பது தரமணியில் சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். ஐ.டி.ஐ முடித்தவன் போவது மற்ற பாதை, தொழில் பிரிவு அப்ரண்டிஸ். முடிவில் தேர்வு, தேசியச் சான்றிதழ். முதலாவதன் இணையதளம் நாட்ஸ் (NATS), இரண்டாவதன் திட்டம் நாப்ஸ் (NAPS). இந்தப் பெயர்களை வைத்தவரைக் கொஞ்ச நாள் சாந்து சுமக்க வைக்க வேண்டும்.

உதவித்தொகை 2019 விதிகளின்படி குறைந்தபட்சம்: பத்தாவது தேறியவருக்கு மாதம் 6000, பிளஸ் டூவுக்கும் ஐ.டி.ஐ-க்கும் 7000. உங்கள் மைத்துனர் சொல்லும் 500 ரூபாயை 25 நாளால் பெருக்கினால் 12,500. ஆகவே பணத்தை வைத்து வாதாடினால் அவர்தான் ஜெயிப்பார், அதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 3

நேற்றையதில் விட்டுப்போனது. 30 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை விருப்பம். மூன்று ஆளோடு வேலை செய்யும் மேஸ்திரி நினைத்தாலும் எடுக்க முடியாது. மைத்துனர் மேல் கோபப்பட்டதைக் கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 23

என் அப்ரண்டிஸ் வருடம் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். முதல் நாலு மாதம் நான் செய்த வேலை தேநீர் வாங்குவது, ரசீதுகளைக் கோப்பில் கோப்பது, சிமெண்ட் மூட்டை எண்ணுவது. கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒப்பந்தத்தில் கட்டுமானப் பயிற்சி என்று இருந்தது, கையில் இருந்தது தேநீர்த் தூக்கு.

கற்றுக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், செங்கல்பட்டுப் பக்கத்துக் கொத்தனார். அவரோடு பெரம்பூரில் ஒரு மாடி அறைக்குப் போனேன். சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை என் கையில் கொடுத்தார். மேலே ஒரு மரக்கட்டை, கீழே பித்தளைக் குண்டு. கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்று. கட்டையை மேல் வரியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட வேண்டும். குண்டு சுவரில் சாய்ந்து கிடந்தால் மேல் வரி உள்ளே போயிருக்கிறது, விலகி நின்றால் வெளியே தள்ளியிருக்கிறது. குண்டு ஆடி நிற்கும்வரை நான் காத்திருக்கவில்லை, "சரியாக இருக்கிறது ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவர் பேசாமல் பீடி பற்றவைத்தார். பீடி பாதி வந்தபோது குண்டு நின்றது. சுவருக்கும் குண்டுக்கும் நடுவே இரண்டு நூல் இடைவெளி. நான் கட்டிய மூன்று வரியையும் அவரே காலால் தள்ளினார், சாந்து இன்னும் பச்சையாக இருந்தது. "செங்கல்லைக் கழுவி எடுத்து வை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இன்றும் யாராவது குண்டைத் தொங்கவிட்டால் எனக்குப் பீடி வாசனை வருகிறது.

ஆகவே முதல் இரவு எழுதிய "பிளஸ் டூ, பிறகு அப்ரண்டிஸ்" என்ற பதிலில் ஒரு திருத்தம். எந்தப் பாதை என்பதைவிட, அங்கே பையன் கையில் கரணையை எந்த வாரத்தில் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாத இடத்தில் தேநீர்தான்.

ஜூன் 24

"நீங்களும் ஒப்பந்ததாரர்தானே, எத்தனை அப்ரண்டிஸ் வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகி.

பூஜ்யம். என்னிடம் 11 பேர் வேலை செய்கிறார்கள். விருப்பப் பிரிவு. விருப்பப்படவில்லை.

ஆகஸ்ட் 11

தாம்பரம் நண்பர் எழுதியிருக்கிறார்: அருகில் இருந்த பள்ளியில் கட்டடப் பிரிவு இல்லை, பையன் அரசு ஐ.டி.ஐ-யில் சேர்ந்துவிட்டான், மேசன் பிரிவு, ஒரு வருடம். நல்லது. இதற்கு எட்டாவதே போதும், அவன் பத்தாவது என்பதால் இன்னொரு லாபம் உண்டு. பத்தாவதோடு ஐ.டி.ஐ முடித்து, தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதினால் பிளஸ் டூவுக்குச் சமமாகக் கருதுகிறார்கள். கதவு மூடிவிட்டது என்று அவன் அம்மா கவலைப்பட வேண்டாம்.

அரசு ஐ.டி.ஐ-யில் மாதம் 750 ரூபாய், சைக்கிள், பஸ் பாஸ், சீருடை உண்டு. நேற்று முன்தினம் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1000 ரூபாய் ஐ.டி.ஐ மாணவர்களுக்கும் பொருந்தும். அரசுப் பள்ளியில் படித்த சான்றுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்ட வாசகிக்கு: கிண்டியில் மகளிருக்கென்றே அரசு ஐ.டி.ஐ இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வி அது இல்லை என்று தெரியும். என் அம்மா இருபது வருடம் சாந்துச் சட்டி சுமந்தாள். கலவை பதத்தைக் கொத்தனாரைவிட முன்னதாகச் சொல்வாள், "இது ஓடும், இன்னும் ஒரு சட்டி மணல் போடு" என்பாள், சரியாக இருக்கும். பூச்சு வேலையில், தேய்த்து மட்டமாக்கும் மணியாசுக் கட்டையை எந்த நேரத்தில் போட வேண்டும் என்று பார்த்தே சொல்வாள். அவள் கையில் கரணையை ஒருவரும் கொடுக்கவில்லை. சித்தாளின் பையன் கொத்தனார் ஆகலாம், சித்தாள் கொத்தனார் ஆக முடியாது. என் 11 பேரில் மூன்று பெண்கள். மூவரும் சட்டிதான் சுமக்கிறார்கள். இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் அனுப்பலாமா வேண்டாமா என்று வைத்திருந்தேன்.

அக்டோபர் 16

மழை. நேற்று முதல் வேலை இல்லை, வேளச்சேரியில் பாதி தளத்துக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரம் இருப்பதால் பாதுகாப்பைப் பற்றி.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். அன்று நான் போரூரில் வேலையில் இருந்தேன், மாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் நிற்கவே இல்லை. அன்றிரவு என் ஆட்களில் ஒருவரும் சாப்பிடவில்லை.

பள்ளிப் படிப்போ ஐ.டி.ஐ-யோ உங்கள் பையனை அப்படி ஒன்றிலிருந்து காப்பாற்றும் என்று சொன்னால் பொய். ஆனால் கான்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கும் சென்ட்ரிங்கைப் பிரிக்கும் நாளை, தண்ணீர் ஊற்றும் நாள்களை எண்ணத் தெரியும். ஐ.எஸ். 456 என்ற விதிநூல் சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறது. இங்கே லாரித் தண்ணீர் விலைக்குப் பயந்து மூன்றாம் நாளே நிறுத்துகிறவர்கள் உண்டு. "ஐயா, இன்று ஐந்தாம் நாள்தான்" என்று சொல்லும் ஒரு பையன் தளத்தில் இருப்பது தொல்லை. எனக்கே அது தொல்லையாக இருந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றினேன்.

18 முடிந்த அன்றே நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். தள்ளிப்போடாதீர்கள், என் ஆட்களில் இருவர் தள்ளிப்போட்டு, விழுந்த பிறகு விண்ணப்பம் தேடினார்கள்.

டிசம்பர் 8

புயலுக்குப் பிறகு ஒரு வாரம் வேலை ஓடவில்லை. அந்த நேரத்தில் ஜூன் மாதத்து வாசகியின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் அப்ரண்டிஸ் எடுக்க என் நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டேன். காகிதம் தேடவே இரண்டு ஞாயிறு போயிற்று. உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1500 ரூபாய்க்கு மிகாமல், அரசு ஏற்கிறது. எனக்கு அதைவிடப் பயம், பையனுக்கு எந்த வாரத்தில் கரணை கொடுப்பேன் என்று எழுதி வைக்க வேண்டியது. எழுதினேன்: முதல் வாரம் வியாழன். தேநீர் வாங்கி வருவது யார் என்று என் ஆட்கள் கேட்டார்கள். நான்.

பெண்களில் ஒருவரிடம் கரணையை நீட்டினேன். "எதற்குங்க, முதுகு வலிக்கிறது, கூலியை ஏற்றிக் கொடுங்கள்" என்றார். அதற்கு என்னிடம் தயாரான பதில் இல்லை. கூலியை ஏற்றினேன், 50 ரூபாய். கரணை இன்னும் நீட்டியபடிதான் இருக்கிறது.

பிப்ரவரி 9, 2025

தாம்பரம் நண்பரின் செய்தி. பையன் ஐ.டி.ஐ-யில் தூக்குக்குண்டு பயின்றுவிட்டு, சொந்தக் காசில் ஒன்று வாங்கி வந்து வீட்டுச் சுவர் நாலையும் பார்த்தானாம். சமையலறைச் சுவர் மூன்று நூல் வெளியே தள்ளியிருக்கிறதாம். இடித்துக் கட்ட வேண்டுமா என்று கேட்கிறான்.

முதலில் குண்டு ஆடி நிற்கும்வரை காத்திருந்தானா என்று கேளுங்கள். காத்திருந்தான் என்றால் சரியாகத்தான் சொல்கிறான். பத்தடி உயரத்தில் மூன்று நூல் என்றால் வீடு விழாது, அலமாரி மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் வாடகைக்கு இருப்பதாக மே மாதம் எங்கோ எழுதியிருந்தீர்கள். வீட்டுக்காரரிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவையுங்கள்.